ஒரு பவுண்டு குறைச்சு வாங்குன மெக்ரோரி

ரெண்டு மூணு வாரமா எனக்கு ஸ்காட்லாந்து புட்பால் பிளேயர் ஜிம்மி மெக்ரோரி ஞாபகமாவே இருக்கு. புட்பால் ராத்திரி முழுக்க முழிச்சு பாக்குற ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இந்தப் பேரைச் சொன்னாக்கூட யாருன்னு கேக்குறாங்க, ஸ்காட்லாந்துன்னா கென்னி டால்கிளிஷ், அலெக்ஸ் ஃபெர்குசன், அதோட நின்னுடும். ஆனா பிரிட்டன்ல டாப் டிவிஷன் லீக்ல அதிகமா கோல் அடிச்ச ஆள் இவர்தான். 408 மேட்ச், 410 கோல். மேட்சுக்கு ஒண்ணுன்னு கணக்குப் போட்டாலும் ரெண்டு மிச்சம் இருக்கும். அதுல 397 கோல் ஒரே கிளப்புக்கு, கிளாஸ்கோ செல்டிக்குக்கு. மிச்சம் 13 கிளைட்பேங்க்னு பக்கத்துல இருக்குற இன்னொரு டீமுக்கு, அங்க ஒரு சீசன் லோன்ல, அதாவது இரவலா அனுப்பியிருந்தாங்க.

ஆனா எனக்கு தூக்கம் கெட்டது இந்த நம்பரால இல்ல. 1928ல நடந்த ஒரு விஷயம். அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு சொல்லிடறேன்.

மெக்ரோரி பொறந்தது 1904 ஏப்ரல் 26, கிளாஸ்கோவோட வடகிழக்குல கார்ங்காட்ங்குற ஏரியாவுல. பஞ்சம் பொழைக்க அயர்லாந்துல இருந்து வந்து குடியேறுன கத்தோலிக்க ஜனங்க நெருக்கியடிச்சு இருந்த இடம், அதனால அந்த ஏரியாவுக்கு குட்டி அயர்லாந்துன்னே பட்டப்பேரு. ஒரு பக்கம் கெமிக்கல் ஃபேக்டரி, இன்னொரு பக்கம் கேஸ் தயாரிக்கிற ஆலை, நடுவுல ஒரே ரூம் ரெண்டு ரூம் வீடுங்க அடுக்கடுக்கா. அப்பாவுக்கு கேஸ் ஆலையில கூலி வேலை. அம்மா இவர் சின்னப் பையனா இருக்கும்போதே இறந்துட்டாங்க. செல்டிக் கிளப்பை 1887ல ஆரம்பிச்சவரும் ஒரு அயர்லாந்து சாமியார்தான், பிரதர் வால்ஃப்ரிட்னு பேரு, கிளாஸ்கோ கிழக்குப் பகுதி ஏழைக் குழந்தைங்களுக்கு சாப்பாடு போட காசு திரட்டணும்னு ஆரம்பிச்ச டீம் அது. இதை மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா கார்ங்காட் பையனுக்கு செல்டிக்ங்குறது ஒரு கம்பெனி மாதிரி கிடையாது, சொந்தக்காரங்க வீடு மாதிரி.

பேட்டைக்குள்ளயே செயின்ட் ரோக்ஸ்னு ஒரு ஜூனியர் டீம். (ஸ்காட்லாந்துல ஜூனியர்னா சின்னப் பசங்க இல்ல, லீக்குக்கு வெளிய ஆடுற பெரியவங்க டீம்தான்.) 1922ல அந்த டீம் ஸ்காட்டிஷ் ஜூனியர் கப் ஜெயிச்சுது, மெக்ரோரி அதுல ஆடுனாரு, அதே வருஷம் செல்டிக் கையெழுத்து வாங்கிடுச்சு. முதல்ல சரியா எடுபடல, அதனாலதான் கிளைட்பேங்க் லோன். அங்க போய் செல்டிக்குக்கு எதிராவே ஒரு கோல் போட்டாரு. திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க, அப்புறம் 1937 வரைக்கும் சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்னாடி நடுவுல நின்னு கோல் அடிக்கிற இடம் அவரோடதுதான்.

அவர் எப்படி ஆடுவாருன்னு சொல்லணும்னா ஹெட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அப்படி ஒண்ணும் உயரம் கிடையாது, ஆனா தோள் ரெண்டும் நல்ல அகலம், கழுத்து தடி கழுத்து. மத்தவங்க காலால உதைக்கிற வேகத்துக்கு இவர் தலையால அடிப்பாருன்னு பாத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க. மனித டார்பிடோன்னு பட்டப்பேரு வந்ததே அதனாலதான், ஏன்னா நின்ன இடத்துல எகிறி அடிக்கிறது மட்டும் இல்ல, தரைக்கு ரெண்டு அடி மேல வர்ற பந்துக்குக்கூட உடம்பை அப்படியே படுக்கப்போட்டுப் பாய்வாரு, எதிர்ல டிஃபெண்டரோட பூட்ஸ் இருக்கும், அதைப் பத்தி கவலையே இல்ல.

இதுல அந்தக் காலத்து பந்தைப் பத்தி தெரியாம அவரைப் புரிஞ்சுக்க முடியாது. இப்ப இருக்குற வழவழன்னு இருக்குற பந்து இல்ல. தடிமனான மாட்டுத்தோல், துண்டு துண்டா தைச்சது, உள்ள ரப்பர் பிளாடர், அதை உள்ள தள்ளிக் காத்தடிச்சுட்டு வாயை ஒரு தோல்கயிறு வெச்சு ஷூ லேஸ் மாதிரி இறுக்கிக் கட்டுவாங்க. அந்த லேஸ் பக்கம் மேடா நிக்கும். காஞ்ச மைதானத்துலயே கனம், இதுல கிளாஸ்கோ மழை, மழைத்தண்ணியும் சேறும் தோல்ல ஊறிப்போச்சுன்னா செகண்ட் ஹாஃப்ல பந்து கருங்கல் மாதிரி ஆயிடும். விங்கர் ஓரத்துல இருந்து தூக்கிப் போடுற பந்து சுத்திக்கிட்டே வருது, லேஸ் எந்தப் பக்கம் வந்து மோதும்னு தெரியாது, நெத்தியில அந்த முடிச்சு பட்டா தோல் கிழிஞ்சு ரத்தம் வரும். இப்படி பதினஞ்சு வருஷம், வாராவாரம், அந்தப் பந்துக்கு நெத்தியைக் கொடுத்துக்கிட்டே இருந்திருக்காரு. எனக்கு இதை யோசிச்சா கண்ணை மூடிக்கணும் போல இருக்கும்.

1925 ஸ்காட்டிஷ் கப் ஃபைனல் டண்டீக்கு எதிரா. செல்டிக் பின்னாடி இருந்துச்சு. பாட்சி கேலச்சர்னு ஒரு கில்லாடி டிஃபெண்டர்ஸ் நடுவுல மாட்டிக் கீழ விழுந்தும் பந்தை ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு குட்டிக்கரணம் போட்டு பந்தோட வலைக்குள்ளயே போய் விழுந்தாரு, 1-1. கடைசி நிமிஷங்கள்ல ஒரு ஃப்ரீ கிக் வருது, மெக்ரோரி பாஞ்சு தலையால அடிக்கிறாரு, 2-1. அப்ப அவருக்கு இன்னும் 21 முடியல.

அப்புறம் 1928 ஜனவரி 14. டன்ஃபெர்ம்லின் டீமுக்கு எதிரா செல்டிக் 9-0. ஒம்பதுல எட்டு மெக்ரோரி. ஒரே மேட்ச்ல எட்டு! ஸ்காட்லாந்து டாப் டிவிஷன்ல அந்த ரெக்கார்டை இன்னைக்கு வரைக்கும் யாரும் தொடல. அந்த சீசன்ல லீக்ல மட்டும் 47 கோல். இப்படி ஒரு ஆளை விட்டுட்டு அதே வருஷம் மார்ச் 31ஆம் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்கு ஸ்காட்லாந்து டீம் போச்சு, இங்கிலாந்தை 5-1னு கிழிச்சுது, அலெக்ஸ் ஜாக்சன் மூணு, அலெக்ஸ் ஜேம்ஸ் ரெண்டு, வெம்ப்ளி மந்திரவாதிகள்னு அந்த டீமுக்கு பேரே வந்துடுச்சு. சென்டர் ஃபார்வர்டா போனது நியூகாசில்ல ஆடிக்கிட்டு இருந்த ஹூயி கேலச்சர். ரெஃப்ரியோட தகராறு பண்ணி ரெண்டு மாசம் சஸ்பெண்ட் ஆகி அப்பதான் திரும்பி வந்திருந்தாரு, இருந்தாலும் அவரைத்தான் எடுத்தாங்க. கேலச்சர் சாதாரண ஆள் இல்ல, ஒத்துக்கறேன், ஸ்காட்லாந்துக்கு 20 மேட்ச்ல 20 கோலுக்கு மேல அடிச்சவரு, கால்ல பந்தோட அவர் பண்ற வித்தை மெக்ரோரிக்கு வராது. ஆனாலும் மொத்தம் 7 மேட்ச்தான் மெக்ரோரிக்கு நாட்டுக்காக ஆடக் கிடைச்சுது, வெம்ப்ளியில ஒண்ணுகூட இல்லைங்கிறதை என்னால சமாதானமா எடுத்துக்க முடியல. அந்த ஏழுலயும் ஆறு கோல் அடிச்சிருக்காரு மனுஷன்.

இப்ப அந்த விஷயத்துக்கு வர்றேன்.

1928 கோடை. சீசன் முடிஞ்சு லீவு. செல்டிக் மேனேஜர் வில்லி மேலி, 1897ல இருந்து அந்த நாற்காலியில உக்காந்திருக்குறவரு, பிளேயர்ஸ் அவரைக் கண்டாலே எந்திரிச்சு நிப்பாங்க, அவர் மெக்ரோரியைக் கூட்டிக்கிட்டு பிரான்ஸ்ல இருக்குற லூர்துக்கு யாத்திரை கிளம்புறாரு. நம்ம ஊர்ல லூர்துமேரி, லூர்துசாமின்னு பேர் வைக்கிறாங்கல்ல, அதே லூர்து மாதா கோயில். மெக்ரோரி ரொம்ப பக்தியான ஆள், மேனேஜரே கூட்டிட்டுப் போறாருன்னா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாரு. வழியில லண்டன். அங்க வந்து காத்துக்கிட்டு இருக்காரு லண்டன் கிளப் அர்செனலோட மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன்.

சாப்மன்னா யாருன்னு புட்பால் சரித்திரம் படிச்சவங்களுக்கு தெரியும். ஹடர்ஸ்ஃபீல்டை சாம்பியன் ஆக்கிட்டு அர்செனலுக்கு வந்தவரு, 1925ல ஆஃப்சைட் விதி மாறினப்ப அதுக்கேத்த மாதிரி ஆட்டத்தோட அமைப்பையே மாத்துனவரு. அவருக்கு ஒரு கோல் மெஷின் வேணும். செல்டிக்குக்கு காசு வேணும், மைதானத்துல ஜனங்க உக்காந்து பாக்க புதுசா ஒரு ஸ்டாண்ட் கட்டுற திட்டம் இருந்துச்சு, இவரை வித்துதான் அதுக்குப் பணம் பொரட்டப் பாத்தாங்கன்னு சொல்வாங்க. ஆக யாத்திரைக்குக் கூட்டிட்டுப் போனவரும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனவரும் ஒரே ஆள். லண்டன்ல சாப்மன் வந்து நின்னது தற்செயலா நடந்தது மாதிரி எனக்குப் படல. போகும்போது ஒரு தடவை கேட்டாங்க, மாதாவைக் கும்பிட்டுட்டு திரும்பி வரும்போது மறுபடியும் கேட்டாங்க. ரெண்டு தடவையும் மெக்ரோரி மாட்டேன்னுட்டாரு. அர்செனல் மெக்ரோரின்னா கேக்க நல்லாவே இல்ல, செல்டிக் மெக்ரோரின்னாதான் பொருத்தமா இருக்குங்குற அர்த்தத்துல பின்னாடி சொல்லியிருக்காரு, அவ்வளவுதான் அவர் கொடுத்த விளக்கம்.

அதே வருஷம் அக்டோபர்ல போல்ட்டன் டீம்ல இருந்து டேவிட் ஜாக்கை 10,890 பவுண்டுக்கு சாப்மன் வாங்குனாரு, உலகத்துலயே ஒரு பிளேயருக்கு பத்தாயிரத்துக்கு மேல போனது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் பிரெஸ்டன்ல இருந்து அலெக்ஸ் ஜேம்ஸ் வந்தாரு. இங்கிலாந்து லீக்ல அப்ப ரூலே இருந்துச்சு, எவ்வளவு பெரிய பிளேயரா இருந்தாலும் வாரத்துக்கு 8 பவுண்டுக்கு மேல கொடுக்கக் கூடாது. ஆனா அதைத் தாண்டறதுக்கு வழி இல்லாமலா? ஜேம்ஸுக்கு லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில ஸ்போர்ட்ஸ் சாமான் செஞ்சு காட்டுற வேலைன்னு வருஷம் 250 பவுண்டு ஏற்பாடு பண்ணாங்க. அர்செனல் 1930ல கப் ஜெயிச்சுது, 31, 33, 34, 35ல லீக். இந்த அர்செனல்லதான் மெக்ரோரி நடுவுல நின்னிருக்க வேண்டியது. ஜேம்ஸ் மாதிரி ஒருத்தர் பந்து போட்டுக் கொடுக்க, மெக்ரோரி தலையால அடிக்க, யோசிச்சுப் பாருங்க.

சரி, போகல. வீட்டுக்கு வந்தாச்சு. செல்டிக் என்ன பண்ணியிருக்கணும்? தோள்ல தூக்கி வெச்சிருக்கணும். அவங்க பண்ணது, அவரோட சம்பளத்தை வாரத்துக்கு 8 பவுண்டுல நிறுத்திட்டாங்க. கூட ஆடுற மத்த ஃபர்ஸ்ட் டீம் ஆட்களுக்கு 9 பவுண்டு. அவர்கிட்ட சொல்லவே இல்ல. கோல் அடிச்சு அவங்களை ஜெயிக்க வெச்ச ஆளுக்கு மட்டும் ஒரு பவுண்டு கம்மி, போக மாட்டேன்னு சொன்னதுக்கு அபராதம் மாதிரி. பின்னாடி ஒரு நாள்தான் அவருக்கே தெரியவந்துச்சு.

இந்த இடத்துலதான் எனக்கு தூக்கம் போச்சு. ஏன்னா எனக்கும் இது நடந்திருக்கு. முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல ஒம்பது வருஷம் இருந்தேன், நடுவுல வேற இடத்துல கூப்பிட்டாங்க, போகல, இங்க இருக்குற மனுஷங்களை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு ஒரு நினைப்பு. ஒரு நாள் பிரிண்டர்ல என்னோட பேப்பரை எடுக்கப் போனேன். மேல வேற ஒருத்தரோட சம்பள ஸ்லிப் கிடந்துச்சு, சூடு ஆறல, அப்பதான் வந்து விழுந்திருக்கு. நான் உக்காத்தி வெச்சு வேலை கத்துக்கொடுத்த பையன். என்னைவிட நாலாயிரம் ஜாஸ்தி. அதை எடுத்து கவுத்துப் போட்டுட்டு என்னோட பேப்பரை மட்டும் எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தேன். அந்தப் பையன் மேல துளி கோவம் இல்ல. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன், சாப்பாடு இறங்கல. நாலாயிரம் பெருசில்ல, அத்தனை நாள் காலையில குட்மார்னிங் சொன்னவங்க எல்லாருக்கும் இது தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதுங்குறதுதான் தொண்டையில நின்னுச்சு.

மெக்ரோரிக்குத் தெரிஞ்சப்ப அவர் என்ன சொன்னாருன்னா, பரவால்ல, அந்த பச்சை வெள்ளை ஜெர்சியைப் போட்டதுக்கு அந்தப் பணம் போனா போகட்டும்ங்குற மாதிரிதான் சொன்னாரு. எல்லாரும் இதை விசுவாசத்துக்கு உதாரணமா எடுத்துச் சொல்றாங்க. எனக்கு அதுல ஒரு பாதிதான் ஒத்து வருது. அவரோட மனசு பெருசு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவர் மன்னிச்சுட்டாருங்குறதால அவங்க பண்ணது சரின்னு ஆயிடாது. ஒரு பவுண்டுங்குறது கார்ங்காட்ல சும்மா இல்ல, வேலை போன குடும்பங்க அந்த ஒரு பவுண்டை வெச்சு ஒரு வாரத்தையே ஓட்டப் பாத்த காலம் வந்துக்கிட்டு இருந்துச்சு. 1931 டிசம்பர்ல கிளைட்பேங்க் கப்பல் யார்டுல குவீன் மேரி கப்பல் வேலையே நின்னு போச்சு, 1934 ஏப்ரல் வரைக்கும் அந்த இரும்புக்கூடு பாதியில அப்படியே துரு புடிச்சு நின்னுச்சு, ஆயிரக்கணக்கான பேர் வீட்டுல. அந்த ஜனங்கதான் சனிக்கிழமை மத்தியானம் மெக்ரோரியைப் பாக்க வந்து நின்னவங்க.

அவரும் அவங்களை விட்டுப் போகலைங்குறதுதான் எனக்கு முக்கியமா தோணுது. கிளப் முதலாளிங்களுக்காக அவர் இருக்கல.

அந்த வருஷங்கள்ல செல்டிக் பட்ட துக்கமும் கொஞ்ச நஞ்சம் இல்ல. 1931 செப்டம்பர் 5, கிளாஸ்கோவோட இன்னொரு பெரிய டீம் ரேஞ்சர்ஸோட மைதானம் ஐப்ராக்ஸ்ல மேட்ச். செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன், 22 வயசு, ஃபைஃப் பக்கம் கார்டென்டன்ல இருந்து வந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பையன், பதினாலு வயசுல அவரே சுரங்கத்துல இறங்கி வேலை பார்த்தவரு. சாம் இங்கிலிஷ்னு ரேஞ்சர்ஸ் பிளேயர் கோலை நோக்கி ஓடி வர, தாம்சன் அவரோட கால்ல பாய, முழங்கால் தலையில மோதி மண்டையோடு உடைஞ்சிடுச்சு. முழுக்க முழுக்க விபத்து. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள்ல சில பேர் விஷயம் புரியாம கத்த, அவங்க கேப்டன் டேவி மைக்கிள்ஜானே போய் கையைத் தூக்கி அமைதியா இருக்கச் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரியே தாம்சன் ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. இறுதிச்சடங்குக்கு கிளாஸ்கோவுல இருந்து ரயிலுக்குக் காசு இல்லாத ஜனங்க நடந்தே போனாங்க, 50 மைலுக்கு மேல, ராத்திரி மலைச்சரிவுல படுத்துத் தூங்கி எந்திரிச்சுப் போனாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மெக்ரோரிக்கு பக்கத்துல நின்னு ஆடுன பீட்டர் ஸ்கார்ஃப் காசநோயில போயிட்டாரு, அவருக்கும் சின்ன வயசுதான்.

1933 ஏப்ரல் 1. கிளாஸ்கோவுல ஹாம்ப்டன் பார்க் மைதானம், ஸ்காட்லாந்து இங்கிலாந்துக்கு எதிரா. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல. மெக்ரோரி ஆரம்பத்துலயே ஒண்ணு போட்டாரு, இங்கிலாந்து சமன் பண்ணிடுச்சு, ஆட்டம் முடியப்போற நேரம், பாப் மெக்ஃபெயில் பந்தைத் தள்ளி விடுறாரு, மெக்ரோரி உள்ள அடிக்கிறாரு, 2-1. மெக்ஃபெயில் யாரு? ரேஞ்சர்ஸ் ஆள். வருஷம் முழுக்க ஜென்ம விரோதியா பாக்குற டீம்ல இருந்து வந்தவரு போட்டுக் கொடுத்த பந்து. அந்தக் கோலுக்கு எழுந்த சத்தத்தைத்தான் ஹாம்ப்டன் ரோர்னு சொல்றாங்க, சில பேர் 1929லயே அது ஆரம்பிச்சுடுச்சுன்னு சொல்வாங்க, எதுவா இருந்தாலும் அன்னைக்கு கத்துன கூட்டத்துல பச்சைச்சட்டைக்காரனும் நீலச்சட்டைக்காரனும் ஒண்ணா கத்தியிருக்கான். அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேக்க எதை வேணும்னாலும் கொடுப்பேன்.

வயசு முப்பதைத் தாண்டுச்சு, மூட்டெல்லாம் வலி, தேய்ஞ்சு போயிருப்பாருன்னு பாத்தா 1935-36 சீசன்ல லீக்ல 50 கோல். மதர்வெல் டீமுக்கு எதிரா மூணே நிமிஷத்துல ஹாட்ரிக். பத்து வருஷம் கழிச்சு செல்டிக் லீக் ஜெயிச்சுது. (அந்த 1936லதான் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்ல இருந்து முகமது சலீம் செல்டிக்குக்கு வந்து வெறுங்கால்ல பேண்டேஜ் மட்டும் சுத்திக்கிட்டு ரிசர்வ் டீமுக்கு ரெண்டு மேட்ச் ஆடிட்டுப் போனாரு, அவரோட காலுக்கு செல்டிக் ஆள் ஒருத்தர் குனிஞ்சு கட்டுப் போடுற ஃபோட்டோ இன்னும் இருக்கு. மெக்ரோரி இருந்த அதே கிளப்ல நம்ம நாட்டு ஆள் ஒருத்தர் இருந்திருக்காருன்னு நினைச்சா உடம்பு சிலிர்க்குது.) 1937 ஏப்ரல்ல அபர்டீனுக்கு எதிரா கப் ஃபைனல், கிட்டத்தட்ட ஒரு லட்சத்து நாப்பத்தாறாயிரம் பேர் வந்தாங்க, 2-1, அதுதான் அவர் பிளேயரா வாங்குன கடைசி கப். அதே வருஷம் அக்டோபர்ல கடைசி மேட்ச், அதுலயும் ஒரு கோல்.

டிசம்பர்ல கில்மார்னாக் டீமுக்கு மேனேஜரா போனாரு. முதல் மேட்ச் கிறிஸ்துமஸ் அன்னைக்கு, எங்க தெரியுமா, செல்டிக் பார்க்ல. 8-0னு தோத்தாரு. பதினஞ்சு வருஷம் உழைச்ச வீடு, வெளிய போன அதே மாசம் எட்டு கோல் போட்டு அனுப்புது. ஆனா அடுத்த மார்ச்ல ஸ்காட்டிஷ் கப்ல அதே கில்மார்னாக்கைக் கூட்டிக்கிட்டு அதே மைதானத்துக்கு வந்து செல்டிக்கை 2-1னு வெளிய அனுப்பிட்டாரு. இதைப் படிச்சப்ப நான் தனியா உக்காந்து கை தட்டுனேன், நிஜமா.

யுத்தம் முடிஞ்சு 1945ல செல்டிக் அவரையே மேனேஜரா கூப்பிட்டுச்சு, இருபது வருஷம் இருந்தாரு. டீம் செலக்‌ஷன்ல சேர்மன் பாப் கெல்லி கையை விடவே மாட்டாரு, மெக்ரோரி எதிர்த்துப் பேசுற ஆளும் இல்ல, அதனால மேனேஜரா அவரைப் பெருசா யாரும் சொல்றதில்ல. 1954ல லீக், கப் ரெண்டும், 1957ல ரேஞ்சர்ஸை 7-1, இதெல்லாம் அவர் காலத்துலதான். 1967ல யூரோப்பியன் கப் ஜெயிச்ச ஜாக் ஸ்டெய்ன் டீம்ல பாதிக்கு மேல பசங்க மெக்ரோரி இருந்தப்ப உள்ள வந்தவங்க. 1965ல ஸ்டெய்னுக்கு நாற்காலியை விட்டுக் கொடுத்தப்புறமும் பத்திரிகைக்காரங்களைப் பாத்துக்குற வேலைன்னு ஒண்ணு கொடுத்து அங்கயே வெச்சுக்கிட்டாங்க. வாயில பைப்போட, எல்லார்கிட்டயும் மெதுவா பேசிக்கிட்டு, அங்கயே இருந்தாரு. 1982 அக்டோபர் 20ல இறந்தாரு.

அந்த ஸ்டாண்ட் என்னாச்சுன்னு சொல்லல இல்ல. மெக்ரோரியை விக்க முடியாமப் போனப்புறமும் அதைக் கட்டி 1929ல திறந்துட்டாங்க. அவருக்கு பின்னாடி இருபது வருஷம் மேனேஜர் ரூம் இருந்தது அந்தக் கட்டடத்துக்குள்ளதான்.